செருப்பும் சைக்கிளும் ஒரே வரியில்

டிசம்பர் 25 வெண்மணி நாளுக்கு இந்த ஆண்டு பேருந்தில் போகவில்லை, சைக்கிளில் போகிறோம் என்று ஆகஸ்டிலேயே முடிவு செய்துவிட்டோம். திருச்சியில் புறப்பட்டு கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர் வழியாகக் கீழ்வெண்மணி. ஏறத்தாழ 150 கிலோமீட்டர், இரண்டு நாள், ஏழு பேர். நால்வர் கல்லூரியில் படிக்கிறவர்கள். மூவர் சமூகப் பணியாளர்கள்.

சைக்கிள் பிரச்சினையாக இல்லை. பள்ளியில் கிடைத்த விலையில்லா மிதிவண்டியே மூன்று பேரிடம் இருக்கிறது. 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லா மாணவர்களுக்கும் விரிந்த திட்டம் அது. செயினும் பிரேக் கட்டையும் மாற்றினால் இன்னும் பத்து வருடம் ஓடும். காலில் என்ன போடுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டோம்.

முதல் ஒத்திகைக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் கூடி, காவிரிப் பாலம் ஏறி, மாம்பழச்சாலை, திருவானைக்கோவில் வழியாகக் கல்லணைக்குப் போனோம். போக வர 35 கிலோமீட்டர் இருக்கும். அவரவரிடம் இருந்ததை அவரவர் போட்டு வந்தோம். இருவர் ஹவாய் செருப்பு, ஒருவர் அலுவலகத்துக்குப் போடும் தோல் ஷூ, மூவர் ஓடுவதற்கான ஷூ, ஒருத்தி பழைய கேன்வாஸ். கல்லணையில் இறங்கியபோது நான்கு பேருக்குப் பாதம் எரிந்தது. இருவருக்கு விரல்கள் மரத்துப் போயிருந்தன. கேன்வாஸ் போட்டவள் மட்டும் டீ குடிக்க முதல் ஆளாக நடந்து போனாள்.

ஏன் என்று படித்துப் பார்த்தோம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 3,600 முறை பெடலை அழுத்துகிறது. அந்த அழுத்தம் முழுவதும் விரல்களுக்குக் கீழே இருக்கும் மேட்டில் விழுகிறது. ஓடுவதற்கான ஷூவின் சோல் மெத்தென்று இருப்பதால் அது பெடலைச் சுற்றி வளைந்துவிடும். விரல் எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்பு நசுங்கும். அதுதான் மரப்பு, எரிச்சல். தோல் ஷூவில் முன்பக்கம் கூர்மை, விரல்களுக்கு இடமில்லை. ஹவாய் செருப்பில் குதிகாலைப் பிடிக்க எதுவும் இல்லை, அதனால் விரல்களாலேயே செருப்பைக் கவ்விக்கொண்டு மிதிக்க வேண்டும். கெண்டைக்கால் வலி அங்கிருந்து வருகிறது. கேன்வாஸின் தட்டையான, கொஞ்சம் விறைப்பான ரப்பர் சோல்தான் அவளைக் காப்பாற்றியது.

அடுத்த வாரம் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கடைப் பையன் எங்கள் தோழியின் காலைப் பார்த்துவிட்டு, "உங்க கால் ரொம்ப அகலம் மேடம், இந்த மாடலெல்லாம் செட் ஆகாது" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கால்தான் தவறு, ஷூ சரி என்கிற தொனி அதில் இருந்தது. அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். பத்து வயது வரை செருப்பில்லாமல் வயலிலும் மண்சாலையிலும் நடந்த கால் அது. அப்படி வளர்ந்த கால் முன்பக்கம் விரிந்துதான் இருக்கும். அது குறை இல்லை. நம் நாட்டில் 2,300 குழந்தைகளின் கால்தடங்களை எடுத்துப் பார்த்து 1992இல் வெளியான ஆய்வு ஒன்று, மூடிய ஷூ அணிந்து வளர்ந்தவர்களிடம்தான் தட்டைப்பாதம் கூடுதல் என்றும், வெறுங்காலோடு வளர்ந்தவர்களிடம் குறைவு என்றும் காட்டியது. வெறுங்கால் நல்லது என்று பாட்டு பாட இதைச் சொல்லவில்லை. விரும்பிச் செருப்பைக் கழற்றுவது வேறு, கழற்று என்று கட்டளையிடுவது வேறு. நம் கால்களின் அகலத்தில் இரண்டாவதுதான் அதிகம்.

ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். அன்று மாலை அவளுடைய அப்பாவிடம் போனோம். செருப்பு தைப்பவர், நாற்பது வருடத் தொழில். நாங்கள் எல்லோரும் மாமா என்று கூப்பிடுவோம். எங்கள் ஏழு ஜோடியையும் வரிசையாக வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தார்.

"மிதிக்கிறதுக்குன்னா நடுவுல வளையக் கூடாது மாப்ள. விரல் மடங்குற எடத்துல மட்டும் லேசா வளையணும். இது பாரு, துணி மாதிரி சுருளுது."

பிறகு பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஒவ்வொருவரையும் அதன்மேல் நிற்க வைத்துப் பென்சிலால் காலைச் சுற்றி வரைந்தார். உட்கார்ந்து வரைந்தால் அளவு குறையும், எடை காலில் இறங்கினால்தான் உண்மையான அகலம் தெரியும் என்றார். "அட்டைய வெட்டி எடுத்துட்டுப் போங்க. ஷூவுக்குள்ள இருக்கிற சோல வெளிய எடுத்து இதும்மேல வச்சுப் பாருங்க. அட்டை வெளிய பிதுங்குனா வாங்காதீங்க. எவன் என்ன சொன்னாலும் வாங்காதீங்க."

அவரிடம் கற்றதையும் நாங்கள் பட்டதையும் சேர்த்து, சைக்கிள் பயணம் போக நினைக்கிற தோழர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறோம்.

ஷூவை மாலையில் வாங்குங்கள். பகல் முழுக்க நின்று நடந்த கால் மாலையில் வீங்கியிருக்கும். வெயிலில் மிதித்தாலும் அப்படித்தான் வீங்கும். பயணத்தில் போடப்போகிற சாக்ஸைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. பெண்கள் பிரிவில் அகலம் போதவில்லை என்றால் ஆண்கள் பிரிவில் சின்ன அளவைக் கேளுங்கள். எங்கள் தோழிக்கு அப்படித்தான் கிடைத்தது.

பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூக்களைப் பற்றியும் விசாரித்தோம். பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு அது சரி. அதற்குத் தனிப் பெடல் வேண்டும். கிளீட்டின் கோணம் சற்றுப் பிசகினாலும் முட்டி வலிக்கும். அடியில் புடைத்துக்கொண்டிருக்கும் வகை என்றால் டீக்கடை வரை நடப்பதே கஷ்டம். நாம் போவது ஊர் ஊராக இறங்கிப் பேச. நடக்க முடிகிற ஷூதான் நமக்கு வேண்டும். சாதாரணத் தட்டைப் பெடல், தட்டையான விறைப்புச் சோல், அவ்வளவு போதும். அதுவும் முடியாதவர்கள் குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள சாண்டல் போடலாம். மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். டிசம்பரில் டெல்டாவில் மழையை எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். ஷூ நனைந்தால் இரவில் செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வையுங்கள். கயிற்றின் முனையைச் செயின் பக்கம் தொங்கவிடாமல் உள்ளே செருகுங்கள். விரல் மரக்க ஆரம்பித்தால் முதலில் கயிற்றைத் தளர்த்துங்கள். புது ஷூவோடு பயணம் கிளம்பாதீர்கள். மூன்று வாரமாவது போட்டுப் பழகுங்கள்.

இது வரைக்கும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். இனி சொல்வதை நாம்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது ஒத்திகைக்கு மாமாவும் தன் பழைய சைக்கிளோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, ஸ்ரீரங்கம் போய் வீதிகளைச் சுற்றிவிட்டுக் கல்லணைக்குப் போவதாகத் திட்டம். சித்திரை வீதி, உத்திர வீதி என்று கோயில் மதில்களுக்குள்ளேயே மக்கள் குடியிருக்கும் தெருக்கள் அவை. சித்திரை வீதிக்குள் திரும்பியதும் பின்னால் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தோம். மாமா சைக்கிளைவிட்டு இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

அங்கே யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பால்காரர் ஒருவர் மணியடித்தபடி எங்களைத் தாண்டிப் போனார். "என்ன மாமா, பஞ்சரா?" என்று கேட்டோம். அவர் கீழே பார்த்தார். அப்போதுதான் தான் இறங்கி நடப்பது அவருக்கே தெரிந்தது போலிருந்தது.

"பெரிய தெருவப் பாத்தா காலு தானா எறங்கிருது" என்றார். கல்லணையில் உட்கார்ந்திருந்தபோது மீதியைச் சொன்னார். அவருடைய ஊரில் ஊர்த்தெரு வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும். சைக்கிள் வாங்கிய பிறகு அதிலிருந்தும் இறங்க வேண்டும். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் சைக்கிள். "ஊருக்கே செருப்பு தைக்கிறது நாங்க. போட்டுட்டு நடக்கக் கூடாததும் நாங்க." மகள் பக்கத்தில்தான் இருந்தாள். இதை அவளும் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டாள்.

மனிதர் நடப்பதும் நிற்பதும் உட்காருவதும்கூடச் சமூகம் கற்றுக்கொடுப்பதுதான் என்று மார்செல் மோஸ் 1934இல் ஆற்றிய உரையைச் சமூகவியல் வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறோம். மதிப்பெண்ணும் வாங்கினோம். அது என்னவென்று அன்று காலை ஸ்ரீரங்கத்தில்தான் புரிந்தது. ஊரைவிட்டு வந்து முப்பது வருடம் ஆகியும் அந்தத் தெரு அவர் காலுக்குள் இருக்கிறது.

இது பழைய கதை என்று சொல்கிறவர்களுக்கு இரண்டு செய்திகள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பட்டியலின, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்போ புத்தாடையோ அணிவதையும் தடுப்பது அதன் மூன்றாம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சைக்கிளும் செருப்பும் ஒரே வரியில் வருகின்றன. நாட்டில் இல்லாத ஒன்றைத் தடுக்க நாடாளுமன்றம் வரி எழுதாது. இரண்டாவது, திருப்பூர் மாவட்டம் ராஜாவூர். அங்கே அருந்ததியர்கள் ஏறத்தாழ 60 பேர், தாங்கள் செருப்பணிந்து நடக்க முடியாதிருந்த தெருவில் முதன்முதலாகச் செருப்போடு நடந்தது 2023 டிசம்பரில்.

நாங்கள் போகிற வெண்மணிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. வசதி படைத்தவர்கள், அதிலும் ஒருவர் கார் வைத்திருப்பவர், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. யார் நடப்பார், யார் நடக்க மாட்டார் என்பது நீதிமன்றத்தில் சாட்சியாகவே எடுபட்ட நாடு இது.

அதனால்தான் காலில் என்ன போடுவது என்று இவ்வளவு நேரம் பேசுகிறோம். நம் வீடுகளில் செருப்பு என்றால் முள் குத்தாமல் இருந்தால் போதும். வலிக்காமல் இருக்க வேண்டும், என் காலின் அளவுக்கு இருக்க வேண்டும் என்று கேட்பதை ஆடம்பரம் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். இயக்க வேலைக்கு வருகிற இளைஞர்களும் உடம்பை வருத்திக்கொள்வதைத் தியாகம் என்று நம்பிவிடுகிறார்கள். கொப்புளத்தோடு வந்து சேர்ந்தால் வெண்மணியில் யாரும் மகிழப் போவதில்லை. வலியில்லாமல் போய்ச் சேர்ந்து, தெளிவான மனதோடு அங்கே நின்று, மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டும். சுகமாகப் போவதும் நம் உரிமைதான்.

ஸ்ரீரங்கத்தில் மாமா இறங்கி நடந்தபோது நாங்கள் இறங்கவில்லை. வேகத்தைக் குறைத்து அவரோடு சேர்ந்து மெதுவாக மிதித்தோம், அவ்வளவுதான். ஏறுங்கள் மாமா என்று சொல்லியிருக்க வேண்டுமா, நாங்களும் இறங்கியிருக்க வேண்டுமா என்று இன்னும் எங்களுக்குள் பேச்சு முடியவில்லை. அவர் மகள் மட்டும், "அப்பா இருக்கட்டும், அவரே ஏறுவார்" என்கிறாள்.

டிசம்பர் 24 விடிகாலை சத்திரத்தில் கிளம்புகிறோம். கல்லணை வரைக்கும் மாமாவும் வருகிறார். எங்கள் ஷூக்களை எல்லாம் வாங்கி, பிரிந்த இடங்களில் தையல் போட்டுக் கொடுத்துவிட்டார். தனக்கும் ஒரு ஜோடி தைத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் வார் வைத்தது, அகலமாக, தன் அட்டை அளவுக்கு. வர விரும்புகிற தோழர்கள் வாருங்கள். வருகிறவர்கள் இன்று மாலையே ஒரு அட்டையின் மேல் நின்று காலை வரைந்து வையுங்கள்.

ஜெய்பீம்.