டி.எஸ்.எச். சொல்லாதது

தைராய்டு என்றாலே இன்று டி.எஸ்.எச். என்ற ஒரே எண்தான் பேச்சு. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நான் பயிற்சி மாணவனாக இருந்தபோது வந்த ஓர் அம்மா நினைவுக்கு வருகிறார். நாற்பதைத் தொடாத வயது. வெளிறிய முகம், உதிர்ந்த புருவம், சித்திரை வெயிலிலும் போர்வை. ரத்தசோகை என்று பல வருடம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியிருந்தார். டி.எஸ்.எச். சரியாகவே இருந்தது. என் பேராசிரியர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்: "கடைசிப் பிள்ளை பொறந்தப்போ ரத்தம் நெறைய போச்சாம்மா? பால் சுரந்துதா?"

"ஒரு சொட்டுகூட வரல சார். தூரமும் அத்தோட நின்னுபோச்சு."

நோய் அங்கேயே பிடிபட்டுவிட்டது.

கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி சுரப்பி பெரிதாகும். பிரசவத்தில் ரத்தம் கொட்டி அழுத்தம் விழுந்தால் அதன் முன்பகுதி ரத்தம் எட்டாமல் செத்துப்போகலாம். கிளாஸ்கோவின் பிரசவ மருத்துவமனையில் இறந்த தாய்மார்களின் பிட்யூட்டரியை ஆராய்ந்து ஹெரால்ட் ஷீஹன் 1937இல் இதை எழுதினார். தைராய்டு தளர்ந்தால் அதைத் தூண்ட டி.எஸ்.எச்.சைச் சுரப்பதே பிட்யூட்டரிதான். அது செயலிழந்தால், தைராய்டு எவ்வளவு தளர்ந்தாலும் அந்த எண் ஏறாது. சிகிச்சையிலும் வரிசை முக்கியம். முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகே தைராக்ஸின். மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த ஹார்மோன்களை அளக்க முடிந்ததே பெரிய கதை. நியூயார்க்கின் பிராங்க்ஸில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்க அயோடினை வைத்து ரத்தத்தில் துளியிலும் துளியாக இருக்கும் ஹார்மோனை அளக்க வழி கண்டார்கள். பெர்சன் 1972இல் மறைந்தார். யாலோவுக்கு நோபல் 1977இல் கிடைத்தது. அதே பரிசைப் பகிர்ந்த கியெமினும் ஷாலியும் பிட்யூட்டரிக்கு மேலிருந்து டி.எஸ்.எச்.சைத் தூண்டும் டி.ஆர்.எச். ஹார்மோனைத் தேடியவர்கள். ஏறக்குறைய மூன்று லட்சம் ஆட்டு மூளைகளின் ஹைபோதலாமஸிலிருந்து கியெமின் குழு பிரித்தெடுத்தது ஒரு மில்லிகிராம். 1969இல் அமைப்பு தெரிந்தபோது அது வெறும் மூன்று அமினோ அமிலம்! யாலோவின் வழியில் ஹார்மோனை அளக்க இரவில் காமா கவுண்டர் முன்னால் உட்கார்ந்து டியூப்களை எண்ணிய நாட்களில் அந்த உழைப்பை நினைத்துத்தான் தூக்கத்தை விரட்டுவேன்.

யாலோவிடம் பணியாற்றிய நம் நாட்டு மருத்துவர் ஒருவர் உண்டு: டெல்லி எய்ம்ஸின் என். கொச்சுப்பிள்ளை. உத்தரப் பிரதேசத் தராய்ப் பகுதியில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்து, அயோடின் குறைவு பிறக்கும்போதே சிசுவின் தைராய்டைத் தாக்குகிறது என்று காட்டினார். அதற்கு முன்பே, 1956இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியின் குழு சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்தது. சில வருடங்களில் அயோடின் உப்பு தின்ற ஊர்களில், அயோடின் குறைவால் வரும் கழுத்துக்கழலை வெகுவாகக் குறைந்தது. உப்பில்தான் மருந்து என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் உப்பால் தீராதது அந்த அம்மாவின் நோய். காஷ்மீரில் அப்துல் ஹமீத் சர்காரின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளை பெற்ற, இருபது வயது தாண்டிய பெண்களில் சுமார் நூற்றுக்கு மூன்று பேருக்கு ஷீஹன் நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பிரசவித்தவர்கள். ரத்தம் கொட்டும்போது பக்கத்தில் ஆளும் மருந்தும் ரத்தமும் இருந்திருந்தால் பலருக்கு இந்த நோய் வந்தே இருக்காது. அதனால்தான் இன்றும் என் மாணவர்களிடம் பிரசவக் கதையைக் கேட்காமல் அறிக்கையைத் தொடாதீர்கள் என்கிறேன்.

பிட்யூட்டரி சரியாக இருக்கும் சிசுவிடம் அதே டி.எஸ்.எச். மூளையைக் காக்கும் எண். கியூபெக்கில் ழான் தூசோ 1970களில் காகிதத்தில் உலர்த்திய ரத்தச் சொட்டிலிருந்தே தைராய்டுக் குறைபாட்டைக் கண்டறியும் திட்டத்தைத் தொடங்கினார். நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆரின் ஆய்வில் ஏறக்குறைய 1,130 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை இருந்தது. இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் தொடங்கினால் மூளை இயல்பாக வளரும்; தாமதித்தால் இழந்த அறிவு திரும்பாது. உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் மூன்றாம் நாள் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கும்படி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.