பெர்க்லியில் ஒரு 36 அங்குலக் கதவு

பெர்க்லி என்றால் நம்மில் பலருக்குப் பல்கலைக்கழகம்தான் ஞாபகம் வரும். இல்லாவிட்டால் யூனிவர்சிட்டி அவென்யூவின் புடவைக் கடைகளும் மளிகைக் கடைகளும். ஆனால் அதே ஊரின் மேற்குப் பக்கம், மர்ரே தெருவில், ஏறக்குறைய மூன்று ஏக்கரில் 'அர்பன் ஓர்' என்று ஓர் இடம் இருக்கிறது. 'நகரத்துத் தாது' என்று சொல்லலாம். இடித்த வீடுகளிலிருந்தும், மாற்றிக் கட்டிய சமையலறைகளிலிருந்தும், குப்பைக்குப் போகவிருந்த சாமான்களிலிருந்தும் எடுத்ததை வாங்கி விற்கிறார்கள்.

1980-ல் தொடங்கியது. ஆரம்பித்தவர்களில் ஒருவரான டான் நாப் சமூகவியல் படித்தவர். அப்போது பெர்க்லி நகரத்தின் குப்பைமேடு கடலோரத்தில் இருந்தது. அங்கே கொட்ட வருவதில் நல்லதைப் பொறுக்கி விற்பதுதான் முதல் வேலை. அந்தக் குப்பைமேடுதான் இன்று நம் பிள்ளைகள் பட்டம் விடும் சீசர் சாவேஸ் பூங்கா.

உள்ளே போனதும் தலை கொஞ்சம் சுற்றும். கழுவுதொட்டிகள், குழாய்கள், விளக்குகள், கால் வைத்த பழைய இரும்பு பாத்டப்கள். ஆனால் எனக்குப் பிடித்தது கதவுகள்தான். நூலகத்தில் புத்தகம் அடுக்குவது போல வரிசை வரிசையாக நிற்கின்றன. என் மகள் அதற்குள் ஓடி ஒளிந்து விளையாட, "பாப்பா, எதையும் தொடாதே!" என்று கத்திக்கொண்டே நான் டேப்பை விரித்தேன்.

நாங்கள் போனது அழகுக்காக இல்லை. அப்பா எங்களோடு இருக்க வருகிறார். பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி. எங்கள் வீடு 1940-களில் கட்டியது. குளியலறைக் கதவு 24 அங்குலம். சாதாரண சக்கர நாற்காலியே வெளிப்பக்கம் 25 அங்குலம் இருக்கும்! அகலமான வாசலும் கைப்பிடிகளும் தாழ்வான ஷவரும் வைக்க கான்ட்ராக்டர் சொன்ன தொகையைக் கேட்டதும் அப்பா, "எனக்காகவா இவ்ளோ? வேண்டாம்மா, நான் ஹாலிலேயே சமாளிச்சுக்கறேன்" என்றார். எப்படிச் சமாளிப்பார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எந்தச் செலவைக் குறைத்தால் அவர் 'சரி' என்பார் என்று யோசித்ததில்தான் இந்தக் கடை நினைவுக்கு வந்தது.

அமெரிக்க ஊனமுற்றோர் விதிகள் பொது இடங்களுக்குச் சொல்வது 32 அங்குல 'திறந்த வழி'. வீட்டுக்குக் கட்டாயமில்லை, ஆனால் நல்ல அளவுகோல். கதவைத் திறந்தால் அதன் தடிமனும் கீலும் கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடும். அதனால் 32 அங்குலக் கதவு போட்டால் 32 அங்குல வழி கிடைக்காது. 36 போட்டால் நிம்மதி. உங்கள் வீட்டில் ஒன்றிரண்டு அங்குலம்தான் குறைகிறது என்றால் சுவரை இடிக்க வேண்டாம். கதவை வழியிலிருந்து முழுசாக விலக்கித் திறக்கும் வளைந்த கீல்கள் கிடைக்கின்றன. சில டாலர்களிலேயே பிரச்சினை தீரலாம். எங்களுக்கு அந்த வழி இல்லை.

பழைய வீடுகளின் உள்கதவுகள் பெரும்பாலும் 24, 28, 30 அங்குலம். 36 வேண்டுமென்றால் வாசல் கதவு வரிசையிலோ, பள்ளிக்கூடம், ஆபீஸ்களிலிருந்து வந்த சாதா கதவுகளிலோ தேட வேண்டும். அவை ஒன்றே முக்கால் அங்குலத் தடிமன். வீட்டு உள்கதவைவிடக் கனம். அதற்கேற்ற நிலையும் கீலும் வேண்டும். எனவே நிலையோடு சேர்த்தே கழற்றி வந்த கதவாகப் பாருங்கள். வெறும் பலகையாக மலிவாக வாங்கிவிட்டு, தச்சர் புது நிலை அடித்து, கீல் வெட்டிப் பொருத்தினால் மிச்சம் பிடித்தது கூலியில் போய்விடும்.

அப்பாவையும் கூட்டிப் போயிருந்தோம். விரல் முட்டியால் ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்த்தார். "இது உள்ள வெறும் அட்டை. இது மரம், கேளு" என்றார். கதவின் ஓரத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்து, வளைந்திருக்கிறதா என்றும் சொன்னார். ரொம்ப நாளைக்குப் பிறகு யாருக்கோ வேலை சொல்லித் தரும் குரல் அது. கடைசியில் 36-க்கு 80, நிலையோடு, ஏதோ ஆபீஸ் கதவு. பித்தளைத் தகட்டில் 214 என்று எண் இருந்தது. விலை 85 டாலர். புதிதாக அதே கனத்தில் நாங்கள் விசாரித்ததில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

எல்லாவற்றையும் பழையதாக வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 1994-க்கு முந்தைய டாய்லெட்டுகள் ஒரு தடவைக்கு 3.5 கேலன் அல்லது அதற்கு மேலும் தண்ணீர் குடிக்கும், வேண்டாம். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள் பார்க்க அழகு, ஆனால் கலிபோர்னியாவின் எரிசக்தி விதிகளுக்குச் சரிப்படாது. குளியலறைக்குக் கண்ணாடி வாங்கினால் மூலையில் பாதுகாப்புக் கண்ணாடி என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1978-க்கு முன் பூசிய பெயின்டில் ஈயம் இருக்கலாம். குழந்தை இருக்கும் வீட்டில் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. கைப்பிடிகளைப் புதிதாகவே வாங்கினோம், சுவருக்குள் கட்டை வைத்துத்தான் பொருத்தினோம். ஒரு ஆள் கனத்தைத் தாங்கும் சாமானில் நான் பேரம் பார்ப்பதில்லை.

பெர்க்லி தூரம் என்றால் ஹாபிடாட் அமைப்பின் ரீஸ்டோர் கடைகள் இருக்கின்றன. முதல் கடை 1991-ல் கனடாவின் வின்னிபெக்கில் தொடங்கியது, மறு வருஷம் டெக்சஸின் ஆஸ்டினில். இப்போது இரண்டு நாடுகளிலும் பல ஊர்களில் உண்டு. அங்கே கட்டுமானக்காரர்கள் தானமாகக் கொடுக்கும் மிச்ச டைல்ஸ், புது சமையலறை அலமாரிகள்கூடக் கிடைக்கும். டைல்ஸ் வாங்கினால் ஒரே தொகுப்பு எண்ணா என்று பெட்டியைப் பாருங்கள், பத்து சதவீதம் கூடுதலாக எடுங்கள். மறுபடி போனால் இருக்காது.

கதவை வேனில் ஏற்றக் கடை ஆட்களில் இருவர் உதவினார்கள். பிறகு நான்காம் தெருவில் விக்ஸ் சாட்டில் பட்டூரா. அப்பா தட்டிலிருந்து நிமிராமலே, "அந்த 214 தகட்டைக் கழட்டாதே. ஓட்டல் ரூம் மாதிரி இருக்கட்டும்" என்றார். மகள் உடனே, "அப்போ தாத்தாவுக்கு ரூம் சர்வீஸ் நான்தான்" என்றாள்.