சாட்சி சொல்லாத வினைச்சொல்

பிரெஞ்சு கற்றவர்கள் கூடிப் பேசும் இடத்தில் ‘சுப்ஜோன்க்திஃப்’ என்ற பெயர் வந்தால் கூடவே ஒரு பெருமூச்சும் வரும். ஆங்கிலத்தில் இதன் உறவினரைச் சப்ஜங்க்டிவ் என்று நாம் படித்திருப்போம். அங்கே அது கிட்டத்தட்ட ஓய்வுபெற்றுவிட்ட விஷயம். பிரெஞ்சில் அப்படியில்லை. ரொட்டிக் கடையிலும் பள்ளி வாசலிலும் தொலைபேசியிலும், ‘நீ இதை முடித்தாக வேண்டும்’ என்று சொல்ல வாயெடுத்தாலே அது வந்து நிற்கிறது. ஐந்து வயதுக் குழந்தை அதைப் பிழையில்லாமல் பயன்படுத்துவதைக் கேட்கும்போது, வளர்ந்த பின் கற்றவனுக்கு ஏற்படும் பொறாமை தனி ரகம்.

வடிவத்தைப் பற்றிய பயம் தேவையற்றது என்பது என் அபிப்பிராயம். ஒழுங்கு வினைகளைப் பொறுத்தவரை விதி ஒன்றே. நிகழ்காலத்தில் ‘அவர்கள்’ என்ற பன்மைக்கு உரிய வடிவத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் ஈற்றில் எழுதப்படும், ஆனால் ஒலிக்காத, மூன்று எழுத்துகளை நீக்கிவிட்டு அந்த அடியோடு விகுதிகளைச் சேர்க்க வேண்டும். நான், நீ, அவன் அல்லது அவள், அவர்கள் ஆகியவற்றுக்கான விகுதிகள் தாளில் வேறுபடும், காதில் விழாது. ‘நாம்’ என்பதற்கு ‘யோன்’, ‘நீங்கள்’ என்பதற்கு ‘யே’. அவ்வளவுதான்.

புதுச்சேரியில் எனக்குப் பிரெஞ்சு சொல்லித்தந்த ஆசிரியை இதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினார். இலக்கணப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக அட்டவணை போடும் விஷயம் நான்கு வரியில் விளங்கியது. தமிழில் எழுதும்போது ஒலி மட்டும்தானே மிஞ்சும்! ‘அவன் முடிக்கிறான்’ என்பது ‘இல் ஃபினி’. அதையே சுப்ஜோன்க்திஃபில் வைத்தால் ‘கில் ஃபினிஸ்’. ‘அவன் விற்கிறான்’ என்பது ‘இல் வான்’ (கடைசி ன்-ஐ மூக்கோடு விட்டுவிட வேண்டும்). சுப்ஜோன்க்திஃபில் ‘கில் வாந்த்’. நிகழ்காலத்தில் ஊமையாகக் கிடந்த மெய்யெழுத்து இங்கே வாய் திறக்கிறது. காதுக்கு வேறு அடையாளம் வேண்டியதில்லை.

ஆனால் முதல் குழுவைச் சேர்ந்த ‘பேசு’ போன்ற வினைகளில் அந்த மெய் முன்பே ஒலித்துக்கொண்டிருக்கிறது. ‘இல் பார்ல்’, ‘கில் பார்ல்’ - வித்தியாசமே இல்லை. பிரெஞ்சு வினைகளில் மிகப் பெரும்பாலானவை இந்தக் குழுவில்தான் இருக்கின்றன. ஆக, பாதிநேரம் பிரெஞ்சுக்காரர்களே தாம் சுப்ஜோன்க்திஃபில் பேசுகிறோம் என்பதைக் கவனிப்பதில்லை. நாம், நீங்கள் என்ற இரண்டு இடங்களில் வேறொரு குழப்பம்: ‘நூ ஃபினிஸ்யோன்’ என்பது தொடர் இறந்தகாலமாகவும் இருக்கலாம், சுப்ஜோன்க்திஃபாகவும் இருக்கலாம். முன்னால் நிற்கும் வாக்கியம்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வடிவம் இவ்வளவு எளிது. சிக்கல் எங்கே என்றால், எப்போது பயன்படுத்துவது என்பதில். ஐயம், விருப்பம், அச்சம், கட்டாயம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களுக்குப் பின் வரும் என்று பாடநூல்கள் பட்டியல் தருகின்றன. நடக்காததை, நடந்தது உறுதியில்லாததைச் சொல்லும் வடிவம் என்று நாமும் மனத்தில் எழுதிக்கொள்வோம். அந்தச் சூத்திரம் ஒரு வாரம்கூடத் தாங்காது. ‘நீ வீட்டை விற்பதில் எனக்கு வருத்தம்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரம் பதிவாகிக்கொண்டிருக்கிறது, விற்பதில் எந்த ஐயமும் இல்லை. ஆனாலும் பிரெஞ்சு அங்கே சுப்ஜோன்க்திஃபைத்தான் கேட்கும். மறுபுறம் ‘அவன் முடிப்பான் என்று நம்புகிறேன்’ என்பதில் நிச்சயமான எதுவும் இல்லை. எஸ்பெரே என்ற அந்த வினைக்குப் பின் சாதாரண எதிர்காலம்தான் வரும்.

நான் புரிந்துகொண்ட வரையில், இது நடந்ததா நடக்கவில்லையா என்ற கேள்வியே அல்ல. சொல்பவன் அந்தச் செய்திக்குச் சாட்சிக் கூண்டில் ஏறுகிறானா என்பதே கேள்வி. ‘முடிப்பான் என்று நினைக்கிறேன்’ என்னும்போது, தயங்கியேனும், ஏறிவிடுகிறேன். ‘முடிப்பான் என்று நினைக்கவில்லை’ என்று மறுக்கும்போது இறங்கிவிடுகிறேன். வினையும் வடிவம் மாறுகிறது. வருத்தத்தைச் சொல்லும் வாக்கியத்தில் நான் அறிவிப்பது என் வருத்தத்தை. வீட்டு விற்பனை அந்த வருத்தத்தின் காரணமாக அதன் கீழே கட்டுண்டு கிடக்கிறது. லத்தீன் மூலத்தில் அந்தப் பெயரின் பொருளே ‘கீழே பிணைக்கப்பட்டது’ என்பதுதான். சம்ஸ்கிருதத்தின் ‘யுஜ்’ என்ற தாதுவுக்கும் அதற்கும் வேர் ஒன்று.

இதன் அழகான உதாரணம் பெயரைத் தழுவி வரும் வாக்கியங்களில் கிடைக்கும். பாரீஸில் லா ஷப்பெல் பகுதியில், தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் நின்று, ‘தமிழ்ப் புத்தகம் விற்கும் கடையைத் தேடுகிறேன்’ என்று ஒருவர் கேட்கிறார். ‘கி வான்’ என்றால், அப்படியொரு கடை இருப்பது அவருக்குத் தெரியும், வழிதான் தெரியவில்லை. ‘கி வாந்த்’ என்றால், அப்படியொரு கடை உலகில் இருக்கிறதோ இல்லையோ, இருந்தால் தேவலை. ஒரே ஒரு த். தமிழில் இதைக் காட்ட ‘அப்படி ஏதாவது கடை இருந்தால்’ என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் இந்த வினைநிலை இல்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். விகுதியாக இல்லை, சரி. வேலையாக இருக்கிறது, பல பேர் பங்கிட்டுச் செய்கிறார்கள். ‘மழை பெய்ய வேண்டும்’ என்பதில் செயவென் எச்சம் தனக்கென ஓர் எழுவாயை வைத்துக்கொண்டு நிற்கிறது. பிரெஞ்சின் வினையெச்சத்துக்கு இங்கே அந்த உரிமை கிடையாது. ‘நான் முடிக்க விரும்புகிறேன்’ என்பதோடு அது நின்றுவிடும். ‘நீ முடிக்க வேண்டும்’ என்று ஆள் மாறியவுடன் ‘கெ’ என்ற இணைப்புச் சொல்லும் சுப்ஜோன்க்திஃபும் வந்தே தீர வேண்டும். ஐயத்துக்கு நம்மிடம் ‘-லாம்’ இருக்கிறது. அந்த ‘-லாம்’ எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை நான் ஒரு மருத்துவமனையில்தான் அறிந்தேன்.

2011ஆம் ஆண்டு, பாரீஸின் வடக்குப் புறநகரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு முதிய தம்பதி இருந்தார்கள். கணவருக்கு நுரையீரலில் நோய். பிள்ளைகள் வேலைக்குப் போன நாட்களில் மொழிபெயர்க்க நான் கூடப் போவேன். சோதனை முடிவுகள் வந்த நாளில், இளம் மருத்துவர் ஒருவர் கோப்பை மூடிவைத்துவிட்டு, அவர் குணமடைவது சாத்தியம் என்றார். ‘இலெ பொசீப்ல் கில் கெரீஸ்.’ கெரிர் என்பது ‘முடி’ என்பதைப் போன்ற இரண்டாம் குழு ஒழுங்கு வினை. அந்த ஸ் தெளிவாகக் கேட்டது. பிரெஞ்சில் ‘சாத்தியம்’ என்பதற்குப் பின் சுப்ஜோன்க்திஃப் வரும். ‘அநேகமாக நடக்கும்’ என்று பொருள்தரும் ‘ப்ரொபாப்ல்’ என்ற சொல்லுக்குப் பின் வராது. ‘கில் கெரிரா’ என்று எதிர்காலம் வந்திருக்கும். மருத்துவர் வேறு சொல்லைத் தேர்ந்திருக்கலாம். அவர் தேர்ந்தது இதை.

நான் தமிழில் வாக்கியத்தை அமைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு, வணக்கமும் நன்றியும் மட்டுமே.

“தம்பி, இவருக்குச் சுகம் வரும் எண்டு சொல்லுறாவோ, வரலாம் எண்டு சொல்லுறாவோ?”

எத்தனையோ பக்கங்களில் இலக்கணக்காரர்கள் விளக்க முயன்றதை இதைவிடத் துல்லியமாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. “வரலாம் என்றுதான் சொல்கிறார்” என்றேன். அவர் தலையசைத்தார். கணவரின் காலடியில் சரிந்திருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தார். மருத்துவரிடம் வேறு எதுவும் கேட்கச் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் அதன் பிறகு இரண்டு குளிர்காலங்கள் இருந்தார்.

இந்த வடிவம் அழிந்துகொண்டிருக்கிறது என்று பிரான்ஸில் அவ்வப்போது ஒரு புலம்பல் எழும். உண்மையில் பேச்சிலிருந்து மறைந்தது இதன் இறந்தகால உறவினர்தான். ‘நாம் பேச’ என்பதற்கு ‘பார்லாஸ்யோன்’ என்று இன்று யாராவது பேச்சில் சொன்னால் சபை சிரிக்கும். முதன்மை வினை நிபந்தனை வடிவில் இருக்கும்போது பழைய வடிவுக்குப் பதிலாக நிகழ்கால வடிவை எழுதினால் தேர்வில் பிழையாகக் கொள்ள வேண்டாம் என்று 1901ஆம் ஆண்டிலேயே அரசாணை வந்துவிட்டது. நிகழ்கால சுப்ஜோன்க்திஃபோ தன் எல்லையை விரித்துக்கொண்டிருக்கிறது. ‘முன்பு’ என்ற பொருளில் வரும் ‘அவான் கெ’ அதைக் கேட்கும், ஏனெனில் காரியம் இன்னும் நடக்கவில்லை. ‘பின்பு’ என்ற ‘அப்ரே கெ’ கேட்காது, காரியம் முடிந்துவிட்டதே. ஆனால் ஜனங்கள் இரண்டுக்கும் ஒரே உடையைப் போட்டுவிடுகிறார்கள். தூய்மைவாதிகள் பல்லைக் கடிக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய துக்கம் இல்லை, ஆனால் எழுதும்போது பழைய விதியைத்தான் பின்பற்றுகிறேன்.

‘கெ’ என்ற முன்னோடி இல்லாமலும் சில இடங்களில் இது தனியே உயிர்வாழ்கிறது. ‘கூத் கெ கூத்’ என்றால் என்ன விலை கொடுத்தேனும் என்று பொருள். ‘விலையாகட்டும், எவ்வளவு ஆனாலும்’ என்ற பழைய சுப்ஜோன்க்திஃப்தான் அதில் உறைந்திருக்கிறது. ‘வீவ் லா ஃப்ரான்ஸ்’ என்ற கோஷமும் அதே வகை, நம் ‘வாழ்க’வுக்கு நேர். நம் வியங்கோள் எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் பொது என்று நன்னூல் சொல்லிவிட்டதால், வாழ்த்தப்படுவது ஒருவரா பலரா என்று நாம் யோசிப்பதில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த நிம்மதி இல்லை. ‘விடுமுறை வாழ்க’ என்று எழுதும்போது, விடுமுறை அவர்கள் மொழியில் பன்மையாயிற்றே, ‘வீவ்’ என்பதையும் பன்மையில் எழுத வேண்டுமா என்று வாதிடுகிறார்கள். இரண்டும் சரிதான் என்று இலக்கண நூல்கள் விட்டுவிட்டன. இரண்டுக்கும் ஒலி ஒன்றே என்பதால் பள்ளிப் பிள்ளைகள் கவலையில்லாமல் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.