நின்றுபோன திரை

வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் மொழியியல் துறையில் அந்த மாணவி முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஒடிசாவின் கந்தமால் மலைப்பகுதியில் பேசப்படும் குயி மொழியின் வாய்மொழிக் கதைகளை அவர் ஒலிப்பதிவு செய்து வந்திருந்தார. பதிவில் ஒவ்வோர் ஒலியும் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்று கணிக்கும் நிரல் ஒன்று துறையின் சர்வரில் 31 மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. மாணவியின் மடிக்கணினியில், டெர்மினல் எனப்படும் முனையத்தின் கறுப்புச் சாளரத்தில், முடிந்த கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

பக்கத்துச் சாளரத்தில் அவர் ஆய்வேட்டின் ஓர் இயலை எழுதிக்கொண்டிருந்தார். நிரல் எதுவரை வந்திருக்கிறது என்று ஒருமுறை கறுப்புச் சாளரத்தைச் சொடுக்கிப் பார்த்தவர், எழுதிய பத்தியைச் சேமிக்கும் எண்ணத்தில் பழக்கத்தினால் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினார். இயல் இருந்த சாளரத்துக்கு அவர் இன்னும் திரும்பியிருக்கவில்லை. பெயர்கள் வருவது அந்தக் கணமே நின்றது. அவர் என்டர் விசையை அழுத்தினார், அசைவில்லை. மீண்டும் மீண்டும் அழுத்தினார். பத்து நிமிடம் காத்திருந்தார். சர்வர் உறைந்துவிட்டது, அதுவும் தன்னால்தான் உறைந்தது என்று முடிவுசெய்து சாளரத்தை மூடினார். நள்ளிரவில் எவரையும் எழுப்பிக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் மூத்த ஆய்வாளர் ஒருவர் விசாரித்தார். அவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்.

"கடைசியா எந்த கீயை அழுத்தினேம்மா?"

"சேவ் பண்ணலாம்னு கன்ட்ரோல் எஸ் அழுத்தினேன் அண்ணா."

"கன்ட்ரோல் க்யூ அழுத்தியிருந்தா மறுபடி ஓடியிருக்கும்."

நிரல் நலமாகவே இருந்தது. திரைக்கு வரும் வெளியீடு மட்டுமே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. எழுதுவதற்கான இடம் நிறைந்தபின் நிரலும் காத்து நிற்கும், ஆனால் சாகாது. சாளரத்தை மூடியதும் இணைப்பு அறுந்தது. 'எதிர்முனையில் ஆளில்லை' என்று பொருள்படும் ஹேங்கப் சமிக்ஞை நிரலுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சமிக்ஞையால்தான் நிரல் இறந்தது. முடிவுகளை இறுதியில் மொத்தமாக எழுதும்படி அது அமைக்கப்பட்டிருந்தமையால் 31 மணி நேர உழைப்பில் ஒரு வரியும் எஞ்சவில்லை.

ஒரு கணினிச் சாளரத்தில் எஸ் என்ற எழுத்துக்கு ஏன் இந்த அதிகாரம்? விடை காகிதத்தில் இருக்கிறது. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது, கணினியோடு பேசப் பயன்பட்டவை டெலிடைப் என்னும் தொலையச்சுப் பொறிகள். 1963இல் வந்த டெலிடைப் 33 நொடிக்குப் பத்து எழுத்துகளைக் காகிதச் சுருளில் அடிக்கும். துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் கருவியும் அதில் உண்டு. அந்தக் கருவியை நிறுத்த ஒரு குறி, மீண்டும் இயக்க ஒரு குறி. கன்ட்ரோலோடு ஓர் எழுத்தை அழுத்தினால் ஆங்கில நெடுங்கணக்கில் அவ்வெழுத்தின் வரிசை எண்ணே கணினிக்குப் போகும். எஸ் பத்தொன்பதாவது எழுத்து. 19 என்றால் 'நிறுத்து'. க்யூ பதினேழாவது, 17 என்றால் 'தொடர்'. நாடா போய் அரை நூற்றாண்டு ஆகிறது, குறிகள் நிலைத்துவிட்டன. சொற்செயலிகள் எஸ்ஸுக்குச் 'சேமி' என்ற பொருளைத் தந்தது பிற்காலத்தில்.

எழுத்து எப்போதும் இப்படித்தான் நடந்துகொள்கிறது என்பதை மொழியியல் மாணவர்கள் அறிவார்கள். தமிழ்நாட்டின் பெரும்பாலான பேச்சு வழக்குகளில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் இடையிலான ஒலி வேறுபாடு உயிர்களின் நடுவே மறைந்துவிட்டது. எழுத்து அதை இன்றும் காக்கிறது. பள்ளிக் குழந்தை அதற்காகக் குட்டுப்படுகிறது. முனையமும் அப்படி ஒரு பழைய எழுத்து முறை.

அதன் பழைமையைக் காண எஸ்டிடிஒய் என்ற கட்டளை போதும். 'செட் டெலிடைப்' என்பதன் சுருக்கமாகவே அதைக் கொள்ளலாம். அதனுடன் ஓர் இடைவெளி விட்டு மைனஸ் குறியும் ஏ என்ற சிற்றெழுத்தும் சேர்த்து இட்டால் முனையத்தின் அமைப்புகள் அனைத்தும் பட்டியலாக வரும். இணைப்பின் வேகம் பெரும்பாலும் 38,400 பாட் என்றிருக்கும்; அப்படி ஒரு வேகத்தில் இயங்கும் கம்பி எதுவும் அங்கே இல்லை. அச்சுத்தலை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும்வரை எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதற்கான அமைப்புகூட அந்தப் பட்டியலில் இன்னமும் இருக்கிறது. அதே பட்டியலில் லினக்ஸ் பிற்காலத்தில் சேர்த்த ஐயூடிஎஃப்8 என்பதும் உண்டு. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு 'க' மூன்று பைட்டுகள். இந்த அமைப்பு அணைந்திருந்தால், வரியைத் தானே கையாளாத எளிய நிரல்களில், அழிப்பு விசையை ஒருமுறை அழுத்தும்போது ககரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே அழியும். மிஞ்சிய இரு பைட்டுகளுக்குப் பொருளேதும் இராது.

மாணவி முதலில் கற்றுக்கொண்டது இந்தப் பட்டியலில் உள்ள ஐக்ஸான் என்ற ஒரு சொல்லைத்தான். அதன்முன் மைனஸ் குறியிட்டு எஸ்டிடிஒய் கட்டளையைத் தந்தால் கன்ட்ரோல் எஸ்ஸின் நிறுத்தும் அதிகாரம் போய்விடும். அந்த வரியை அவர் தம் கணக்கின் தொடக்கக் கோப்பில் எழுதிவைத்தார். நெடுநேரம் ஓடும் நிரல்களை டிமக்ஸுக்குள் இயக்கவும் பழகினார். அதன்பின் சாளரம் மூடினாலும் நிரல் சர்வரில் தொடர்ந்து ஓடும்.

சில மாதங்களுக்குப் பின் வேறொரு வகையில் திரை கெட்டது. உரைக்கோப்பைக் காட்டச் சொல்வதற்குப் பதிலாக அவர் தவறி ஒலிக்கோப்பின் பெயரைக் கேட் கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். திரை முழுதும் குப்பை ஓடி முடிந்தபின், கட்டளைக்காகக் காத்திருக்கும் வரியே கோடுகளாகவும் மூலைகளாகவும் மாறியிருந்தது. அவர் தட்டிய சிற்றெழுத்துகளும் கட்டம் வரையும் துண்டுகளாகவே தோன்றின.

கன்ட்ரோல் எஸ் தடுத்தது வெளியீடு செல்லும் வழியை. அதைக் காப்பது இயங்குதளத்தின் உட்கரு. விசையின் எழுத்து திரையில் எதிரொலிக்க வேண்டுமா, எந்த விசை அழிக்கும், எது நிறுத்தும் என்பவை அங்கே இருக்கின்றன. எஸ்டிடிஒய் மாற்றுவது அவற்றைத்தான். எழுத்தின் நிறம், வடிவம், சுட்டி தெரிவது, மறைவது ஆகியவை சாளரத்தை வரையும் முனைய நிரலின் பொறுப்பு. 1978இல் வந்த டெக் நிறுவனத்தின் விடி100 முனையம் பரவலாக்கிய முறைப்படி, எஸ்கேப் என்னும் 27ஆம் குறியில் தொடங்கும் தொடர்கள் அவற்றை ஆள்கின்றன. உரையும் கட்டளையும் ஒரே வழியில் வருவதால், ஒலிக்கோப்பின் தற்செயலான சில பைட்டுகள் 'இனி எழுத்துகளுக்குப் பதில் கட்டத் துண்டுகளை வரை' என்ற ஆணையாக வாசிக்கப்பட்டன. முனையம் கீழ்ப்படிந்தது. ஒலிக்கோப்புக்கு ஒரு சேதமும் இல்லை.

இம்முறை மாணவி சாளரத்தை மூடவில்லை. கோடுகளும் மூலைகளுமாகவே தோன்றிய 'ரீசெட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் நிதானமாகத் தட்டி என்டரை அழுத்தினார். ஒரு நொடியில் எழுத்துகள் திரும்பின. அக்கட்டளை உட்கருவின் அமைப்புகளையும் முனையத்தின் தோற்றத்தையும் சேர்த்தே சீர்செய்கிறது.

கடவுச்சொல் கேட்கும் நிரல் இடையில் இறந்துபோனால் தட்டுவது எதுவும் தெரியாமல் போவதுண்டு. சில வேளைகளில் என்டர் விசையும் வேலை செய்யாது. என்டர் அனுப்புவது 13. உட்கரு அதை 10 ஆக மாற்றித் தருவதால்தான் வரி முடிகிறது. மாற்றம் அணைந்திருந்தால் பத்தாவது எழுத்தான ஜேயைக் கன்ட்ரோலோடு சேர்த்து நாமே அனுப்ப வேண்டும். கன்ட்ரோல் ஜே, பிறகு எஸ்டிடிஒய் சேன், மீண்டும் கன்ட்ரோல் ஜே. சேன் என்பதற்குத் தெளிந்த புத்தி என்று பொருள்.

அதன்பின் மாணவி தம் நிரலையும் திருத்தினார். முன்னேற்றத்தை அழகாகக் காட்டுவதற்காக அது சுட்டியை மறைத்துவைக்கும். இடையில் நிறுத்தப்பட்டால் சுட்டி மறைந்தே கிடக்கும். டிபுட் கட்டளைக்கு சிவிஸ் என்று சொன்னால் சுட்டி மறையும். சிநார்ம் என்று சொன்னால் திரும்பும். எந்தக் காரணத்தால் முடிந்தாலும் சிநார்ம் சொல்லிவிட்டே நிரல் வெளியேறும்படி ஒரு வரி சேர்த்தார். அடுத்தவர் திரையை மாற்றுகிறவர் மாற்றியதைத் திருப்பி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் கொண்ட நெறி.

அவரை நெடுநாள் உறுத்தியது இழந்த 31 மணி நேரமன்று. கந்தமாலில் ஒரு மூதாட்டி கதையின் நடுவே பேச்சை நிறுத்தியபோது அவர் ஒலிப்பதிவை அணைக்காமல் காத்திருந்தார். பேசுபவரின் மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது கள ஆய்வின் தொடக்கப் பாடம். மூதாட்டி வெற்றிலையை மென்று முடித்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். மனித மௌனத்துக்கு அவ்வளவு பொறுமை காட்டிய ஒருவரால் திரையின் மௌனத்தைப் பொறுக்க முடியவில்லை. கணினி தமக்குரிய இடமன்று, அங்கே நேரும் பிழையெல்லாம் தம் தகுதியின்மையின் சான்று என்ற எண்ணம் அதற்குக் காரணம். கலைப்புலத்திலிருந்து ஆய்வகங்களுக்கு வரும் மாணவர் பலர் அந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். எவரிடமும் கேட்காமல் சாளரத்தை மூடுகிறார்கள்.

இந்த ஆண்டு துறையில் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் மாலையில் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் திரையில் வரிகள் நின்றிருந்தன. அவர் கை சாளரத்தின் மூலையிலிருந்த பெருக்கல் குறியை நோக்கி நகர்ந்தது.

"தம்பி, மூடாதே," என்றார் மாணவி. "கன்ட்ரோல் க்யூ அழுத்திப் பார்."

வரிகள் மறுபடி வரத் தொடங்கின.