ஓவன் பெற்ற நம்பிக்கை

ஒருவனை ஆராய்ந்து தெளிந்து வினைக்கு உரியவனாக்கும் முறையைத் திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தில் வகுத்துரைத்தார். அது வேலை கொடுப்போன் வேலை செய்வோனைத் தெளியும் முறையாகும். வேலை செய்வோன் தன்னை ஆள்வோனைத் தெளிவது எவ்வாறு? ஊரில் ஒரு தச்சனும் அவனுக்கு இரண்டு கையாட்களும் இருந்த காலத்தில் இவ்வினா பெரிதாக எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் நாள்தோறும் கண்டனர்; ஒரே கலத்துக் கூழையும் பகிர்ந்துண்டனர். ஆயிரவர் கூடி உழைக்கும் ஆலைகள் எழுந்த பின்னரோ, முதலாளி யார் என்பதைத் தொழிலாளர் அறியார். தொழிலாளர் பெயர்களை முதலாளியும் அறியார். இவ்விருவர்க்கும் இடையே நின்று, பணியாளரைத் தேர்வதும், அவர் குறை கேட்பதும், நலம் பேணுவதும் ஒரு தனித் தொழிலாகவே இன்று வளர்ந்துள்ளது. இந்திய நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரும் அவர்க்கு மேற்பட்டவரும் உழைக்கும் ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலர் ஒருவரை அமர்த்தவேண்டும் என்று விதித்தது.

சட்டம் அலுவலரை அமர்த்தும், நம்பிக்கையை அமர்த்துமோ? இவ்வலுவலுக்குப் பெயர்கூட இல்லாத காலத்தில் இதனைச் செய்து காட்டிய ஒருவர் வரலாறு இதற்கு விடை கூறும். அவர் பெயர் இராபர்ட்டு ஓவன். பணியாளர் மேலாண்மையின் தந்தை என்று அவரைப் பலர் போற்றுவர்.

ஓவன் 1771-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டு நியூட்டவுன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே பள்ளியை விட்டுக் கடைகளில் ஊழியம் செய்தார். இருபது வயதை ஒட்டிய பருவத்தில், மான்செஸ்டர் நகரில் டிரிங்க்வாட்டர் என்பவருடைய நூற்பாலைக்கு மேலாளர் ஆனார். அங்கு ஆடவரும் பெண்டிரும் சிறுவருமாக 500 பேர் உழைத்தனர். அத்தொழிலில் அவர்க்கு இருந்த பழக்கமோ மிகச் சிறிது. பிறர் ஒருவராயின், முதல் நாளே அதட்டித் தம் அறியாமையை மறைத்திருப்பர். ஓவன் அது செய்திலர். காலையில் முதல்வராக ஆலையினுட் புகுந்தார். இரவில் இறுதியாக வெளியேறினார். ஆறு வார காலம் தாமாக ஓர் ஆணையும் இடவில்லை. கேட்டவர்க்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்ற அளவில் விடையளித்து, ஒவ்வொன்றையும் உற்று நோக்கினார். அதன் பின்னரே ஆளத் தொடங்கினார். பேசுவதற்கு முன் ஆறு வாரம் பார்த்திருத்தல் எளிய செயலன்று. இருபது வயதில் அது மிக அரிது.

1799-ஆம் ஆண்டு ஓவனும் அவர்தம் கூட்டாளிகளும் ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் இருந்த நியூ லனார்க்கு ஆலைகளை 60,000 பவுனுக்கு வாங்கினர். அவற்றை நிறுவிய டேவிட் டேல் என்பவரின் மகளை ஓவன் அவ்வாண்டே மணந்தார். 1800-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆலையின் ஆட்சியை ஏற்றார். ஆலையைச் சூழ்ந்து ஓர் ஊரே இருந்தது. குடும்பங்களாக வாழ்ந்தோர் ஏறத்தாழ 1,300 பேர். அவரன்றி ஏழையர் இல்லங்களிலிருந்து கொண்டுவரப் பெற்ற சிறுவர் 400 முதல் 500 பேர் வரை இருந்தனர். குடியும் களவும் பூசலும் அவ்வூரில் மலிந்திருந்தன.

அங்குள்ளார் ஓவனை நம்பவில்லை. நம்பாமைக்குக் காரணமும் இருந்தது. அவர் அயல் நாட்டார். அவர் பேச்சும் அவர்களுக்குப் புதிது. ஆலையை விலைக்கு வாங்கி வந்தவர். இத்தகையோர் கொணரும் மாற்றம் ஒவ்வொன்றும் தம்மிடமிருந்து மேலும் ஒரு துளி வியர்வையைப் பிழிவதற்கே என்று அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணம் பிழை என்று கூறுதற்கில்லை. அந்நாளில் பெரும்பாலான ஆலைகளில் நிகழ்ந்தது அதுவே.

ஓவன் சினங்கொள்ளவில்லை. ஊராரிடையே செல்வாக்குடையார் சிலரைத் தேர்ந்து, தாம் செய்யக் கருதியவற்றையும் அவற்றின் காரணங்களையும் அவர்களுக்குப் பொறுமையுடன் விளக்கினார். களவு செய்தவர் ஒருவரையும் வழக்குமன்றத்தில் நிறுத்தாமல், களவு எளிதில் நிகழாதவாறு கணக்கு முறைகளைத் திருத்தினார். ஊர்க்கடைகள் இழிந்த பண்டங்களைக் கடனுக்கு ஈந்து மிகுவிலை கொண்டன. ஓவன் நல்ல பண்டங்களைக் கைப்பணத்திற்கு மொத்தமாக வாங்கி, ஆலைக் கடையில் குறைந்த விலைக்கு விற்பித்தார். ஏழையர் இல்லச் சிறுவரைப் புதிதாகக் கொண்டுவருவதை நிறுத்தினார். 10 வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்குச் சேர்ப்பதையும் விலக்கினார். இவ்வளவும் செய்தும் ஊரார் ஐயம் முற்றும் நீங்கவில்லை. ‘இதில் என்ன சூது உண்டோ’ என்றே பலரும் இருந்தனர். உதவியை ஐயுறுவது ஏமாந்தவர் இயல்பு.

அந்நிலையில் ஓர் இடர் நேர்ந்தது. இங்கிலாந்தோடு ஏற்பட்ட பூசலால் அமெரிக்க அரசு தன் துறைமுகங்களிலிருந்து பஞ்சு வெளியேறாதவாறு தடை விதித்தது. பஞ்சு விலை கடுகி ஏறியது. ஆலைத் தலைவர்கள் இருவழியுள் ஒன்றைத் தேரவேண்டியவராயினர்: மிகுவிலைக்குப் பஞ்சு வாங்கி நூற்பது, அன்றேல் ஆலையை நிறுத்தி ஆட்களை நீக்குவது. வேலை இழந்தவர்க்கு அந்நாளில் வேறு பற்றுக்கோடு யாதும் இல்லை. நியூ லனார்க்கு மக்கள் தம் மேலாளர் யாது செய்வார் என்று அஞ்சியிருந்தனர்.

ஓவன் ஆலையை நிறுத்தினார். ஆனால் ஒருவரையும் நீக்கவில்லை. எந்திரங்களைத் துடைத்துத் துருப்பிடியாமல் காப்பதே அவர்க்கு வேலையாயிற்று. நான்கு திங்களுக்கு மேல் இந்நிலை நீடித்தது. அத்தனை நாளும் முழுக்கூலி வழங்கப்பெற்றது. ஒரு காசும் குறைக்கப்படவில்லை. நூலொன்றும் நூற்காத அந்நாட்களுக்காக ஆலை செலவிட்ட தொகை 7,000 பவுனுக்கு மேலாகும். ஆண்டுகள் பல முயன்றும் சொல்லால் ஆகாதது அந்நான்கு திங்களில் ஆயிற்று. அம்மக்களின் உள்ளம் அன்று முதல் தம் வயமாயிற்று என்று ஓவனே பிற்காலத்தில் தம் வரலாற்றில் குறித்துள்ளார்.

இனி, அவர் கையாண்ட மற்றொரு முறையையும் சொல்லவேண்டும். ஒவ்வொருவர் அருகிலும் நாற்புறம் உடைய சிறு மரத்துண்டு ஒன்று தொங்கும். ஒரு புறம் கருமை, ஒரு புறம் நீலம், ஒரு புறம் மஞ்சள், ஒரு புறம் வெண்மை. முன்னாளில் மிகத் தீதாக நடந்தவனுக்குக் கருமையும், மிக நன்றாக நடந்தவனுக்கு வெண்மையும் முன்புறம் தோன்றும். ஏனைய இரண்டும் இடைநிலை. இதனைப் ‘பேசாக் கண்காணி’ என்றனர். ஓவன் ஆலையினூடே செல்லுங்கால் ஆளையும் நோக்குவார், நிறத்தையும் நோக்குவார். ஒரு சொல்லும் கூறார். தொடக்கத்தில் கருமை மிகுந்திருந்தது; நாளடைவில் அது குறைந்து மஞ்சளும் வெண்மையும் மிகுந்தன.

பிறர் காண ஒருவன் நடத்தையை நிறமிட்டுத் தொங்கவிடுதல் தகுமோ எனின், தகாது என்பாரும் உளர். அவர் கூற்றைத் தள்ளிவிடுவதற்கில்லை. எனினும் அம்முறையில் ஒரு காப்பு இருந்தது. மேற்பார்வையாளன் முறையற்று நிறமிட்டான் என்று கருதுவோன், ஏட்டில் அது பதியப்படுமுன் நேரே ஓவனிடம் சென்று முறையிடலாம். அவ்வாறு முறையிட வந்தவர் மிகச் சிலரே. அக்கதவு திறந்திருந்ததனாலேயே அம்மரத்துண்டை அவர்கள் பொறுத்தனர் எனலாம். கதவை அடைத்துவிட்டு மரத்துண்டை மட்டும் தொங்கவிட்டிருப்பின், அஃது இழிவின் சின்னமாகவே நின்றிருக்கும்.

ஓவனுக்கு இடையூறு தொழிலாளரிடமிருந்து மட்டும் வந்ததன்று. பள்ளிக்கூடத்திற்கும் ஊர்நலத்திற்கும் அவர் செலவிடுவதைக் கூட்டாளிகள் வெறுத்தனர். ஒரு கூட்டு முறிந்து மற்றொரு கூட்டு அமைந்தது; அதுவும் முறிந்தது. 1813-ஆம் ஆண்டின் இறுதியில் ஆலைகள் கிளாஸ்கோ நகரில் ஏலத்திற்கு வந்தன. ஆலையின் மதிப்புக் குறைந்துவிட்டதாகப் பழைய கூட்டாளிகள் ஊரெங்கும் பேசிவந்தனர். குறைந்த விலைக்குத் தாமே எடுத்துக்கொள்வது அவர் நோக்கம். ஓவனோ அறச்சிந்தை உடைய புதிய கூட்டாளிகளைத் தேடி வைத்திருந்தார்; அறிஞர் ஜெரமி பெந்தாம் அவருள் ஒருவர். ஏலம் படிப்படியாக ஏறி 114,100 பவுனில் நின்றது. ஆலை ஓவன் தரப்பினர்க்கே உரியதாயிற்று.

அச்செய்தி நியூ லனார்க்கை அடைந்தவுடன் ஊரார் தத்தம் வீட்டுப் பலகணிகளில் விளக்கேற்றி வைத்தனர். சில நாட்களுக்குப் பின் ஓவன் புதிய கூட்டாளிகளுடன் குதிரை வண்டியில் ஊருக்குத் திரும்பினார். வழியிற் பெருங்கூட்டம் ஒன்று ஆரவாரத்துடன் வண்டியைச் சூழ்ந்தது. உடன் இருந்தோர் யாது நேருமோ என்று அஞ்சினர். கூட்டத்தினர் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே வண்டியை இழுக்கத் தொடங்கினர். மனிதர் விலங்குபோல் வண்டி இழுத்தல் தகாது என்று ஓவன் எவ்வளவோ தடுத்துச் சொன்னார். பதின்மூன்று ஆண்டுகளாக அவர் சொற்கேட்டு நடந்தவர்கள் அன்று மட்டும் அவர் சொல்லைக் கேட்கவில்லை.