போலியும் மெய்யும்

நாடக ஒத்திகைக்கு வராத நடிகனுக்குப் பதிலாக இன்னொருவன் ஏட்டைப் பார்த்து வசனம் சொல்வதுண்டு. ஏனையோர் தத்தம் பகுதியைப் பழகிக்கொள்ள அது போதும். ஆயின், மேடையேறும் நடிகன் அவ்வசனத்தையே சொல்வான் என்பதற்கு அவ்வொத்திகை சான்றாகாது. மென்பொருட் சோதனையிற் கையாளப்படும் போலிப்பொருளின் பயனும் எல்லையும் இவ்வுவமையுள் அடங்கும்.

செய்நிரலின் சிறு கூறொன்றைத் தனியே பிரித்துச் சோதிப்பது அலகுச் சோதனை. அக்கூறு வங்கிக் கணக்கையோ தொலைவிலுள்ள தரவுத்தளத்தையோ நாடுமாயின், ஒவ்வொரு முறையும் மெய்யானதைத் தொட்டுச் சோதித்தல் காலத்தை விழுங்கும். சில வேளை தீங்கும் பயக்கும். ஆகவே, கேட்ட கேள்விக்குக் குறித்த விடையைத் தரும் போலியொன்று அதனிடத்தில் நிறுத்தப்படுகிறது. 2000 ஆம் ஆண்டில் ரிம் மக்கினன், ஸ்டீவ் பிறீமன், பிலிப் கிறேக் ஆகிய மூவரும் முன்வைத்த கட்டுரை இம்முறையை விளக்கிற்று.

போலியால் விளையும் இடர்களுள் மூன்று முதன்மையானவை. முதலாவது, இடம் தவறுதல். பைதன் மொழியில் ஒரு தொகுதி, பிறிதொரு தொகுதியின் சார்பினைத் தன்பாற் கொணர்ந்து வைத்திருக்குமாயின், அச்சார்பு பிறந்த இடத்திற் போலியை நிறுத்துவதாற் பயனில்லை. அது தேடப்படும் இடத்திலேயே நிறுத்துதல் வேண்டும். தவறின், மெய்ப்பொருளே இயங்கும். இரண்டாவது, எதற்கும் தலையாட்டுதல். கட்டற்ற போலி, மெய்ப்பொருளில் இல்லாத பெயரைச் சொல்லி அழைத்தாலும் மறுப்பதில்லை. மெய்ப்பொருளின் வடிவத்தையே அதற்கு வரம்பாக விதிப்பது இதற்கு மருந்து.

மூன்றாவதே கொடியது. இடமும் வடிவமும் பொருந்தியும், போலி சொல்லும் விடை அதனை ஆக்கியோனின் ஊகமாகவே இருத்தல்.

1996 யூன் 4 ஆம் திகதி, பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதன்முறையாக ஏவப்பட்ட ஏரியான் 5 உந்துகணை, ஏறத்தாழ 40 விநாடிகளுள் வானிற் சிதறியது. ஏரியான் 4 இலிருந்து பெறப்பட்ட செய்நிரல், 64 பிற்று எண்ணொன்றை 16 பிற்று முழுவெண்ணாக மாற்ற முனைந்தது. புதிய கலத்தின் கூடிய கிடைவேகம் அவ்வளவினுள் அடங்கவில்லை. முன்னதாகத் தரையில் நிகழ்ந்த ஒருங்கிணைந்த சோதனைகளில், அந்த வழிகாட்டுக் கருவிக்குப் பதிலாக அதனைப் பாவனைசெய்யும் மென்பொருளே அமர்ந்திருந்தது. அவை அலகுச் சோதனைகள் அல்ல. எனினும் படிப்பினை ஒன்றே. மெய்க்கருவியில் இருந்த குறை அதன் போலியில் இருக்கவில்லை; ஆதலாற் சோதனையில் அது வெளிப்படவுமில்லை.

தோற்ற சோதனை தன் குறையைத் தானே காட்டும். பொய்யான போலியின்மீது வென்ற சோதனையோ பொறியியலாளனை உறங்கச்செய்யும். எனவே, விரைவுக்குப் போலி வேண்டும். அதனோடு, எல்லையில் மெய்ப்பொருளைத் தொடும் சோதனை ஒன்றேனும் வேண்டும். போலி தான் கற்றதையே ஒப்பிக்கும். கற்பித்தவன் அறியாததை அது ஒருபோதும் சொல்லாது.