மங்கலில் நான்கு வகை

படம் மங்கலாக வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் இரண்டு கேள்விகள் கேட்பேன். படம் முழுவதும் மங்கலா, எங்காவது ஓரிடம் தெளிவாக இருக்கிறதா? மங்கல் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறதா, எல்லாப் பக்கமும் பரவியிருக்கிறதா? சின்ன டிஜிற்றல் கமராவின் குறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விக்குள் அகப்பட்டுவிடும். கமராவைத் திருத்தக் கொடுக்கவேண்டி வருவது அபூர்வம்.

அண்மையில் இந்தக் கேள்விகளை மறுபடி கேட்க வைத்தவள் என் பெறாமகள். அவள் வயதுக்காரர் இப்போது பழைய சின்னக் கமராக்களைத் தேடி எடுக்கிறார்கள். அவள் தேடியது எங்கள் வீட்டு அலுமாரிக்குள். 2003 இல் வாங்கிய மூன்று மெகாபிக்சல் கமரா அகப்பட்டது. முதல்தடவையாக யாழ்ப்பாணம் போகப்போகிறாள், அதைத்தான் கொண்டுபோவாளாம். சோதித்துப் பார்க்க எடுத்த நாற்பது படங்களில் பாதிக்குமேல் மங்கல். “சித்தப்பா, கமரா பழுதாப் போச்சோ?” என்றாள்.

பழுதாகவில்லை. 2003 இலும் அது அப்படித்தான் எடுத்தது. அதைக் காட்டுவதற்காகக் கணினியில் பழைய படங்களைத் திறந்தேன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. இடையில் கிடைத்த அந்த நாலு வருடங்களில்தான் வெளிநாடுகளிலிருந்து நம்மவர்கள் கூட்டமாக ஊருக்குப் போனோம். பிலிம் கமரா போய் டிஜிற்றல் வந்ததும் அதே வருடங்களில்தான். ஆகவே பல வீடுகளின், பல மனிதர்களின் கடைசிப் படங்கள் இப்படியான சின்னக் கமராக்களில், வெளிச்சம் குறைந்த விறாந்தைகளில் எடுக்கப்பட்டவை. எங்கள் குடும்பத்தில் ஐந்து வீட்டார் எடுத்தவற்றைச் சீடிகளிலிருந்து ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். மங்கலின் எல்லா வகைக்கும் அதில் உதாரணம் உண்டு.

முதலாவது, கை நடுக்கம். குசினியில் எடுத்த ஒரு படத்தில் விளக்கின் சுடர், குடத்தின் மினுக்கம், மாமியின் கண்ணில் விழுந்த வெளிச்சப் பொட்டு எல்லாமே ஒரே திசையில், ஒரே நீளத்துக்குக் கோடாக இழுபட்டிருக்கின்றன. படக் கோப்புக்குள் கமராவே எழுதிவைக்கும் விபரங்களைப் பார்த்தால் காரணம் தெரியும்: ஷட்டர் 1/8 செக்கன் திறந்திருந்திருக்கிறது. பழைய கணக்கொன்று உண்டு. 35 மி.மீ. பிலிமுக்குச் சமமான குவியத்தூரம் 100 மி.மீ. என்றால், கையில் பிடித்து எடுக்க 1/100 செக்கனாவது வேகம் வேண்டும். சூம் பண்ணப் பண்ண நடுக்கமும் பெருக்கும். நடுக்கத்தைத் தணிக்கும் வசதி அந்த வருடங்களின் சின்னக் கமராக்களில் அரிது. மருந்து சுலபம். நிலைக்கதவில் தோளைச் சாய்த்து எடுக்கலாம். அல்லது மேசையில் வைத்து இரண்டு செக்கன் ரைமரில் விடலாம். பிளாஷ் போடலாம், ஆனால் மூன்று மீற்றருக்கு அப்பால் அதன் வெளிச்சத்தை நம்பமுடியாது.

இரண்டாவது, ஆளின் அசைவு. அப்பாச்சியின் படத்தில் கதிரையின் பிரம்புப் பின்னலை எண்ணலாம், முகம் மட்டும் இரண்டாகத் தெரிகிறது. கமரா அசையவில்லை, அவர்தான் திரும்பியிருக்கிறார். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாயிற்றா என்று உள்ளே கேட்டிருப்பார். எவ்வளவு உறுதியாகக் கமராவைப் பிடித்தாலும் இதற்கு உதவாது. ஷட்டர் வேகம் கூடவேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும். ஆளை முற்றத்துக்குக் கூட்டிவருவதுதான் வழி.

மூன்றாவது, குவியம் தப்பியது. இதில் ஏதோ ஓரிடம் தெளிவாக இருக்கும், நமக்கு வேண்டிய இடம்தான் இராது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, நடுவால் தெரியும் வேலியைக் கமரா பிடித்துக்கொள்ளும். வெளிச்சமும் இருளும் கூர்மையாகப் பிரியும் விளிம்புகளைத் தேடித்தான் அது குவியம் வைக்கிறது. இருட்டிலும் வெறும் வெள்ளைச் சுவரிலும் தடுமாறும். முகத்தை நடுவில் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்தி, பச்சை விளக்கு வந்தபின் கமராவைத் திருப்பி முழுதாக அழுத்தவேண்டும்.

காணி உறுதியின் படமும் இந்த வகைதான். எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று கிட்டக் கொண்டுபோய் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கமரா சாதாரண நிலையில் அரை மீற்றருக்குக் கிட்டவுள்ள எதையும் தெளிவாகப் பார்க்காது. பூப் படம் போட்ட பொத்தானை அழுத்தியிருந்தால் ஒவ்வொரு எழுத்தும் வந்திருக்கும். உறுதியின் மூலப்பிரதி பிறகு இடம்பெயர்வில் தொலைந்தது. நொத்தாரிசின் முத்திரை வட்டமாகத் தெரிகிறது, காணியின் நான்கு எல்லைகளும் வாசிக்க முடியாதவை.

நாலாவது, படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோலப் பரவும் மங்கல். இது வில்லையின் மேலுள்ளது. விரல் எண்ணெய் என்றால் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ஏசி வானிலிருந்து வெக்கைக்குள் இறங்கியதும் எடுத்ததென்றால் வில்லையில் ஈரம் படிந்திருக்கும், துடைக்காமல் பொறுத்திருக்கவேண்டும். உள்ளே சிலந்திவலைபோலத் தெரிந்தால் அது பூஞ்சணம். அதற்குமட்டும்தான் கை தேர்ந்தவர் தேவை.

இத்தனையும் அங்கேயே ஏன் தெரியவில்லை என்று பெறாமகள் கேட்டாள். கமராவின் பின்திரை ஒன்றரை அங்குலம். அந்த அளவில் எல்லாப் படமும் அழகாகத்தான் இருக்கும். எடுத்த படத்தைத் திரையிலேயே பெருப்பித்து, கண்ணைப் பார்க்கவேண்டும். கண் தெளிவென்றால் படம் தெளிவு. எதையும் மூன்று தரம் எடு என்றும் சொல்லியிருக்கிறேன்.

இனி எடுக்கப்போகும் படங்களுக்கு இவ்வளவும் போதும். எடுத்து முடிந்த படங்களுக்கு என்ன செய்வது?

அப்பாவின் கடைசிப் படம் 2004 இல், வாசற்படியில் எடுத்தது. குவியம் அவருக்குப் பின்னாலுள்ள கதவில் விழுந்திருக்கிறது. கதவின் சங்கிலி வளையம் வளையமாகத் தெரிகிறது. ஆண்டுத் திவசத்துக்குப் பெரிதாக்கி வைக்கவேண்டும் என்று தங்கச்சி அதை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டாள். அரை நிமிடத்தில் கூர்மையான படம் வந்தது. கண்மயிர், தோலின் சுருக்கம், மீசையின் நரை எல்லாம் இருந்தன. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இது ஆர்?” என்றார்.

அவர் கேட்டது சரி. கோப்பில் இல்லாத விபரத்தை எந்தச் செயலியாலும் மீட்கமுடியாது. தான் பார்த்த வேறு ஆயிரம் முகங்களைக்கொண்டு இப்படி இருந்திருக்கலாம் என்று அது நிரப்புகிறது. மரமோ மதிலோ என்றால் பரவாயில்லை. முகம் என்றால் வேறொருவர் வந்து அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார்.

மங்கலுக்கு இன்னொரு மருந்து, பெரிதாக்காமல் இருப்பது. படம் 2048 பிக்சல் அகலம், முகத்தின் மங்கல் ஏறத்தாழப் பத்துப் பிக்சல். தங்கச்சி விரும்பியபடி பதினெட்டு அங்குலத்துக்கு அச்சிட்டால் அந்த மங்கல் இரண்டு மில்லிமீற்றருக்குமேல் விரியும். ஒன்பது சென்ரிமீற்றருக்கு அச்சிட்டால் அரை மில்லிமீற்றருக்கும் குறையும், கண் அதைப் பெரிதாகக் கவனிக்காது. அப்படியே, எதையும் தொடாமல் அச்சிட்டுக் கொடுத்தேன். அம்மா உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். “ஓம், இவர்தான்” என்றார்.

திவசத்துக்கு அந்தச் சின்னப் படத்தைத்தான் வைத்தோம். பின்வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை, எழும்பிக் கிட்ட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.